விரியன் ஒரு பேரினம் அல்ல

இது ஒரு திருத்தக் குறிப்பு. கொஞ்சம் நீளமான திருத்தக் குறிப்பு.

சில வருஷங்களுக்கு முன்னால் பாம்புக்கடி பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி இப்படிப் போகும்: "விரியன் குடும்பத்துப் பாம்புகளின் நஞ்சு இரத்தத்தைத் தாக்கும், கடித்த இடம் வீங்கும், கடுமையாக வலிக்கும், இரத்தம் உறையாமல் கசியும்." ஆங்கிலப் புத்தகத்தில் 'வைப்பரிடே' என்று இருந்ததை நான் 'விரியன் குடும்பம்' என்று தமிழாக்கியிருந்தேன். எழுதும்போது ரொம்பத் திருப்தியாக இருந்தது. நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது எதற்கு லத்தீன் என்று நினைத்தேன்.

அந்தக் கட்டுரையை என் அத்தை மகன் ஊரில் பல பேருக்கு அனுப்பியிருக்கிறான். போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு ராத்திரி, கூடத்தில் தரையில் படுத்திருந்த அத்தையைப் பாம்பு கடித்துவிட்டது. சுவரோரமாகப் போன பாம்பை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார்கள். கருப்பு உடம்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். கட்டுவிரியன்தான், சந்தேகமே இல்லை.

பிறகு நடந்ததை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அம்மாவுக்கு வீக்கமே இல்ல மச்சான். கடிச்ச இடமே சரியாத் தெரியல. ரத்தமும் வரல. வயித்த வலிக்குதுன்னு மட்டும் சொன்னாங்க. விரியன்னா வீங்கும், ரத்தம் வரும்னு நீதானே எழுதியிருந்தே? அதான் விஷம் ஏறலன்னு நினைச்சு விடியட்டும்னு இருந்துட்டோம்."

விடிவதற்குள் அத்தைக்கு இமை கீழே சரிந்துவிட்டது. பேச்சு குழறியது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது மூச்சு சிரமமாகிவிட்டது. நஞ்சுமுறி மருந்தும் கொடுத்து, செயற்கைச் சுவாசத்திலும் வைத்தார்கள். ஆறாம் நாள் தானாக மூச்சு விட்டார். இப்போது நலம். போன வாரம் போனபோது எனக்குக் கொழுக்கட்டை செய்து கொடுத்தார். ஆனால் அந்த நாலு மணி நேரம் என் கணக்கில் இருக்கிறது.

கட்டுவிரியனுக்கு விரியன் என்று பெயர். ஆனால் அது வைப்பரிடே குடும்பத்துப் பாம்பு இல்லை. நல்லபாம்பு இருக்கும் எலாப்பிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நஞ்சு முக்கியமாக நரம்பைத் தாக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் 'விரியன் குடும்பம்' என்று எழுதினேன். படிக்கிறவர் அந்தச் சொல்லுக்குள் கட்டுவிரியனையும் சேர்த்துக்கொள்வார் என்று யோசிக்கவில்லை.

ஆகவே இந்தக் குறிப்பு பேரினம் என்ற சொல்லைப் பற்றியது. அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை, நம்ம ஊர்ப் பெயர்களோடு அதை எப்படிப் பொருத்துவது என்று பார்க்கலாம்.

பேரினம்னா என்ன?

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரிசை ஞாபகம் இருக்கும்: தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பேரினம், சிற்றினம் என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் சாதி, இனம் என்பார்கள். அங்கே 'இனம்' என்றால் இங்கே 'சிற்றினம்'. இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லத்தீனில் இந்தச் சொல் 'ஜீனஸ்'. பிறப்பு, குலம், வகை என்று பொருள். அறிவியல் பெயரில் முதல் பாதி இதுதான். நல்லபாம்பு நாஜா நாஜா, கட்டுவிரியன் பங்காரஸ் செரூலியஸ், கண்ணாடிவிரியன் டபோயா ரஸ்ஸெலி, சுருட்டைவிரியன் எகிஸ் கரினேட்டஸ். ஒவ்வொன்றிலும் முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல்லையும் சேர்த்துச் சொன்னால்தான் சிற்றினம்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள வெளியே போக வேண்டியதில்லை. நம்ம ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். பேரினமும் இனிஷியல் மாதிரித்தான். ஒரு தடவை முழுசாக எழுதிவிட்டால் அடுத்த தடவை சுருக்கி 'நா. நாஜா' என்றுகூட எழுதலாம். என்ன வித்தியாசம்னா, நம்ம வழக்கத்தில் சொந்தப் பெயரை மட்டும் சொன்னால் போதும். இங்கே போதாது. மா மரத்தின் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. புளிய மரம் டாமரிண்டஸ் இண்டிகா. வேம்பு அசாடிராக்டா இண்டிகா. 'இண்டிகா' என்று மட்டும் சொன்னால் மாவா, புளியா, வேம்பா? அதனால்தான் இரண்டாவது சொல் தனியாக நிற்காது. முதல் சொல் தனியாக நிற்கும்.

பேரினம் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: உறவு. ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த, மற்ற எல்லாவற்றையும்விடத் தங்களுக்குள் நெருங்கிய சிற்றினங்களைச் சுற்றிப் போட்ட ஒரு வட்டம். புலி, சிங்கம், சிறுத்தை மூன்றும் பாந்தெரா என்ற ஒரே பேரினம். பார்த்தால் ஒன்றுபோல இருக்கிறதா? இல்லை. தமிழில் மூன்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் உறவு இருக்கிறது.

வட்டத்தை எந்த அளவுக்குப் போடுவது என்பதற்கு மட்டும் ஒரு அளவுகோல் கிடையாது. சிற்றினத்துக்காவது, தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து வளமான குட்டி போடுகின்றனவா என்று ஏதோ ஒரு சோதனை இருக்கிறது. அதிலும் ஆயிரம் விதிவிலக்கு உண்டு, அது வேறு கதை. பேரினத்துக்கு அந்த மாதிரிச் சோதனையே இல்லை. ஒரே மூதாதையின் வம்சத்தில் யாரையும் விட்டுவிடக் கூடாது, வெளியாளைச் சேர்க்கவும் கூடாது என்பது நிபந்தனை. அதற்குள் வட்டம் பெரிசா, சின்னதா என்பது ஆய்வாளர்கள் பேசி முடிவெடுக்கும் விஷயம். நாஜா பேரினத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. ராஜநாகத்தின் பேரினமான ஒஃபியோஃபேகஸில் ரொம்ப காலம் ஒரே ஒரு சிற்றினம்தான். 2024-ல்தான் அதை நாலாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்குக் கன்னடப் பெயரை வைத்து 'காளிங்கா' என்று பெயரிட்டார்கள். 'பேர்' என்று ஆரம்பிப்பதால் பேரினம் எப்போதும் பெரிசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நாலு பாம்பு, மூணு பிரிப்பு

நம்ம நாலு பாம்பையே எடுத்துக்கொள்வோம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இவற்றை மூன்று விதமாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் பிரிப்பு நம்ம பெயர்களில் இருப்பது. ஒரு பக்கம் நாகம், இன்னொரு பக்கம் மூன்று விரியன்கள். படம் எடுக்கிறது தனி. படம் எடுக்காமல் கொல்கிறது எல்லாம் விரியன். ராத்திரியில் வரப்பில் நடக்கிறவனுக்கு இந்தப் பிரிப்பு பயனுள்ளதுதான். விரியன் என்ற சொல்லைக் கேட்டதும் கால் பின்னால் போகும். அது ஒரு எச்சரிக்கைச் சொல். உறவைச் சொல்வதற்காக யாரும் அதை உண்டாக்கவில்லை.

இரண்டாவது பிரிப்பு ஐரோப்பிய இயற்கையியலாளர்கள் முதலில் செய்தது. 1758-ல் லின்னேயஸ் நல்லபாம்புக்கு வைத்த பெயர் கொலூபர் நாஜா. கொலூபர் அப்போது பலவிதப் பாம்புகளையும் போட்டுக் கட்டிய பெரிய மூட்டை. 1797-ல் கண்ணாடிவிரியனுக்குப் பெயர் வைத்தபோது ஷாவும் நாடரும் அதையும் அதே மூட்டைக்குள் போட்டார்கள்: கொலூபர் ரஸ்ஸெலி. 1801-ல் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் கொட்லோப் ஷ்னைடர் கட்டுவிரியனையும் சுருட்டைவிரியனையும் விவரித்தார். இரண்டையும் சூடோபோவா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். இரண்டு பாம்புக்கும் வாலின் அடிப்பக்கச் செதில்கள் இரட்டையாகப் பிரியாமல் ஒற்றை வரிசையாக இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய ஒற்றுமைதான். ஆக அந்த முதல் பெயர்களின்படி நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் ஒரு பேரினம், கட்டுவிரியனும் சுருட்டையும் இன்னொரு பேரினம்.

மூன்றாவது இன்றைய பிரிப்பு. நாலு பாம்பும் நாலு தனித்தனிப் பேரினம். அதற்கு மேலே இரண்டு குடும்பம். நல்லபாம்பும் கட்டுவிரியனும் எலாப்பிடே. கண்ணாடிவிரியனும் சுருட்டையும் வைப்பரிடே.

எதை வைத்து? வாயைத் திறந்து பார்த்தால் தெரியும். வைப்பரிடே பாம்புகளின் நச்சுப்பல் நீளமானது. வாய் மூடியிருக்கும்போது பின்பக்கமாக மடங்கிக்கொள்ளும். நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் பல் குட்டை, மடங்காது. கண்ணாடிவிரியனுக்கும் சுருட்டைக்கும் தலையில் பொடிப்பொடிச் செதில். மற்ற இரண்டுக்கும் பெரிய தகடு மாதிரியான செதில். நம்ம ஊரில் கண்ணாடிவிரியனும் சுருட்டையும் குட்டி போடும். நல்லபாம்பும் கட்டுவிரியனும் முட்டை போடும். பிற்பாடு மரபணுவைப் படித்தபோதும் இதே உறவுதான் உறுதியானது.

ஆக, நம்ம முன்னோர் தப்பாகப் பிரித்தார்கள், அவர்கள் சரியாகப் பிரித்தார்கள் என்று ஒன்றும் இல்லை. ஷ்னைடரும் கட்டுவிரியனைச் சுருட்டையோடுதான் சேர்த்தார், நாமும்தான் சேர்த்தோம். வித்தியாசம் எங்கே இருக்குன்னா, பேரினம் என்பது திருத்தக்கூடிய ஒரு கூற்று. சான்று வந்தால் பெயரையே மாற்றுவார்கள். நாட்டுப் பெயர் அப்படி மாறாது, மாறவும் வேண்டியதில்லை.

பெயர் யாருடையது?

இடையில் ஒரு சுவாரசியம். லத்தீன் பெயர் என்றால் எல்லாம் அந்நியம் என்று தோன்றும். நாஜா என்பது நம்ம 'நாக'. டபோயா என்பது வட இந்தியச் சொல், ஒளிந்து கிடப்பது என்று பொருள். பங்காரஸ் தெலுங்கின் 'பங்காரு', அதாவது பொன். எகிஸ் மட்டும்தான் கிரேக்கம்.

கருப்பான கட்டுவிரியனுக்குப் பொன் என்று ஏன் பெயர்? பெயர் அதனுடையது இல்லை. மஞ்சளும் கருப்பும் மாறி மாறிப் பட்டையடித்த இன்னொரு பாம்பு உண்டு, பங்காரஸ் ஃபேசியேட்டஸ். விசாகப்பட்டினத்தில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸெல், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-ல் வெளியான தன் நூலில் அந்தப் பாம்பின் தெலுங்குப் பெயரைப் பதிவு செய்தார். 1803-ல் தோதன் என்ற பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து பேரினப் பெயரை உண்டாக்கினார். பட்டைப் பாம்புக்கு வைத்த பெயர் உறவுமுறையால் நம்ம கட்டுவிரியனுக்கும் வந்துவிட்டது. கண்ணாடிவிரியனின் 'ரஸ்ஸெலி'யும் அந்த ரஸ்ஸெலின் பெயர்தான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பேரினப் பெயரின் அர்த்தத்தை வைத்துப் பாம்பை அடையாளம் காண முடியாது. பெயர் வர்ணனை இல்லை, முகவரி.

பேரினம் எதற்கு உத்தரவாதம் தராது?

இங்கேதான் நான் இன்னொரு தடவையும் சறுக்கியிருக்கிறேன் என்று தெரிகிறது. 'வைப்பரிடே என்றால் இரத்தம், எலாப்பிடே என்றால் நரம்பு' என்று திருத்தி எழுதிவிட்டால் போதுமா? போதாது.

நல்லபாம்பும் கட்டுவிரியனும் ஒரே குடும்பம். நல்லபாம்பு கடித்தால் நரம்பு பாதிக்கும், கூடவே கடித்த இடம் வீங்கும், சதை அழுகும். கட்டுவிரியன் கடித்தால் வீக்கம் அநேகமாக இருக்காது. நல்லபாம்பின் நஞ்சு பெரும்பாலும் நரம்புச் செய்தியை வாங்கும் தசைப்பக்கத்தை அடைக்கிறது. கட்டுவிரியனின் முக்கிய நச்சு, செய்தியை அனுப்பும் நரம்பு நுனியையே சிதைக்கிறது. சிதைந்த பிறகு மருந்து போட்டாலும் நுனி திரும்ப வளர நாட்கள் ஆகும். அத்தை ஆறு நாள் இயந்திரத்தில் மூச்சு விட்டது அதனால்தான்.

கண்ணாடிவிரியன் வைப்பரிடே. இரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடிவிரியன் கடித்தவர்களுக்கு இமை சரிவதும் உண்டு. அதாவது நரம்பு அறிகுறி. இமை சரிந்தால் நாகம் அல்லது கட்டுவிரியன்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, ஒரே பேரினமாக இருந்தால்? அதுவும் போதாது. நம்ம நாட்டில் தயாராகும் நஞ்சுமுறி மருந்து இந்த நாலு சிற்றினங்களுக்கு எதிரானது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்த மருந்து 1 மில்லி, நல்லபாம்பு நஞ்சிலும் கண்ணாடிவிரியன் நஞ்சிலும் தலா 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை நஞ்சில் தலா 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது தர அளவு. கிழக்கிலும் வடகிழக்கிலும் இருக்கும் ஒற்றைக்கண் நாகம் நாஜா கவூதியா அதே நாஜா பேரினம்தான். ஆனாலும் அதன் நஞ்சின் மேல் இந்த மருந்து சரியாக வேலை செய்வதில்லை. ராஜநாகம் பெயரில் நாகம், ஆனால் நாஜா பேரினம் இல்லை. அதற்கும் இந்த மருந்து கேட்காது.

இன்னொன்று, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கும் மேல்தூக்கிய மூக்குள்ள குழிவிரியன், ஹிப்னேல் ஹிப்னேல். இதைச் சுருட்டை என்று நினைத்து நாலு பாம்பு மருந்தைக் கொடுத்த சம்பவங்கள் உண்டு. மருந்து பலிக்கவில்லை. உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இது கடிக்கும் என்று கேரளத்திலிருந்து உறுதியாகப் பதிவானது 2007-ல்தான். சுருட்டையும் இதுவும் ஒரே குடும்பம், ஆனால் வேறு பேரினம்.

இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியால் சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பேர் சாகிற விஷயத்தில் ஒரு சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துவது சின்னத் தப்பு இல்லை.

இனிமேல் எப்படி எழுதப் போகிறேன்?

எனக்கு நானே சில விதிகள் போட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழில் உயிரினங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் உதவலாம்.

ஒன்று, நாட்டுப் பெயரை எடுத்து வகைப்பாட்டுப் படிநிலையின் பெயரோடு ஒட்டமாட்டேன். 'விரியன் குடும்பம்', 'நாகப் பேரினம்' எல்லாம் வேண்டாம். 'வைப்பரிடே குடும்பம்', 'நாஜா பேரினம்' என்றே எழுதுவேன். காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், இருக்கட்டும்.

இரண்டு, எந்தப் பாம்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெயரின் இரண்டு பாதியையும் சொல்வேன். தமிழிலும் 'விரியன்' என்று நிறுத்தாமல் கட்டுவிரியனா, கண்ணாடியா, சுருட்டையா என்று முழுசாகச் சொல்வேன். அந்த முன்னொட்டில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்று, பேரினம் மட்டும் உறுதியாகத் தெரிந்தால் அதோடு நிறுத்துவேன். 'பங்காரஸ் பேரினத்துப் பாம்பு ஒன்று' என்பது நேர்மையான வாக்கியம். அரைகுறையாகத் தெரிந்ததை முழுப் பெயராக ஆக்குவதைவிட மேல்.

நாலு, பெயர் மாறினால் பதறமாட்டேன். பழைய மருத்துவப் புத்தகங்களில் வைப்பரா ரஸ்ஸெலி என்று இருப்பதும் இன்றைய டபோயா ரஸ்ஸெலியும் ஒரே கண்ணாடிவிரியன்தான். உறவைப் பற்றிய நம் புரிதல் மாறியிருக்கிறது. நஞ்சும் மருந்தும் அதேதான்.

பழைய வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் கடித்தால் பெரும்பாலும் வீக்கமும் வலியும் இரத்தக் கசிவும் இருக்கும். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமோ வலியோ இல்லாமலே போகலாம். வயிற்று வலியும் இமை சரிவும்தான் முதல் அடையாளமாக இருக்கலாம். எந்தப் பாம்பு என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு நாளாவது அங்கே கண்காணிப்பில் இருக்க வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரம் செலவழிக்க வேண்டாம்."

அத்தை மகனுக்கு இதை அனுப்பினேன். பழைய கட்டுரையை யார் யாருக்கெல்லாம் அனுப்பினானோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்பச் சொன்னேன். "எல்லாருக்கும் போட்டுட்டேன் மச்சான். அம்மாகிட்ட படிச்சும் காட்டிட்டேன்" என்றான்.

அத்தை என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்.

"பேர் என்னவா இருந்தா என்ன, கட்டில் ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லுன்னாங்க."

கட்டில் வாங்கியாச்சு.